ஊராட்சிக் குடிநீர்க் கணக்கு: இலவச மென்பொருளில் ஒரு தரவுப் பதிவேடு கட்டும் முறை

கணக்குக்கு எடுத்துக்கொண்ட ஊராட்சியின் அளவு இது: இரண்டு போர்வெல், ஒரு 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி, ஒரு 10,000 லிட்டர் தொட்டி, 450 வீட்டு இணைப்பு, 1,850 பேர். தமிழ்நாட்டில் இந்த அளவு ஊராட்சிகள் ஏராளம். இதற்கு மாதச் சந்தா கட்டும் மென்பொருள் வேண்டாம். கணினியில் லிப்ரே ஆபீஸ் கால்க் என்ற விரிதாள், போனில் படிவம் நிரப்ப ஓடிகே கலெக்ட் அல்லது கோபோ கலெக்ட், வரைபடம் வேண்டுமென்றால் கியூஜிஐஎஸ். எல்லாமே இலவசம். கைக்காசு போவது மோட்டார் ஓடிய மணியைக் காட்டும் ஹவர் மீட்டருக்கும் குளோரின் சோதனைக் கிட்டுக்கும்தான்.

மென்பொருளை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கேற்பத் தரவு தேடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. நாற்பது கேள்வி கொண்ட படிவம் தயாராகும், பத்து நாள் நிரப்புவார்கள், பிறகு நின்றுவிடும். டேங்க் ஆபரேட்டருக்கு ஊராட்சி கொடுக்கும் சம்பளத்துக்கு நாளைக்கு ஏழு எண் கேட்பதே அதிகம். அதனால் இந்தப் பதிவேடு அந்த ஏழு எண்ணில் நிற்கிறது: ஈபி மீட்டர் ரீடிங், ஹவர் மீட்டர் ரீடிங், வோல்ட், ஆம்பியர், தொட்டி நீர்மட்டம், போட்ட பிளீச்சிங் பவுடர் கிராம், கடைசித் தெருக் குழாயில் குளோரின். மற்றதெல்லாம் இவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது, அல்லது மாதம் ஒருமுறை அலுவலகத்தில் ஏற்றுவது.

ஹவர் மீட்டர்

மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்று கேட்டால் வரும் பதில் எப்போதும் முழு எண்ணாக இருக்கும்: காலை 3, மாலை 3. நடுவில் கரண்ட் போனது கணக்கில் வராது. அதனால் ஒவ்வொரு ஸ்டார்ட்டரிலும் ஓர் ஏசி ஹவர் மீட்டர் மாட்ட வேண்டும். சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரத்துச் சொச்சம் வரை விலை. 240 வோல்ட் வகையை வாங்கினால், ஸ்டார்ட்டருக்குள் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் கான்டாக்டரின் மோட்டார் பக்கத்தில் ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே இணைக்கலாம். போர்டுக்கு நியூட்ரல் வரவில்லையென்றால் இரண்டு பேஸுக்கு நடுவே வைக்க 415 வோல்ட் வகை தேவை. 240 வோல்ட் மீட்டரை அங்கே மாட்டினால் போட்ட அன்றே போய்விடும். லைன் பக்கத்தில் இணைத்தால் மோட்டார் நின்றாலும் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டரானால் மெயின் கான்டாக்டரில் மட்டும். மீட்டருக்கு முன்னால் 1 ஆம்பியர் ஃபியூஸ். இந்த வேலையை மெயினை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

மீட்டர் இருந்தாலும் ஒன்றை மறக்கக் கூடாது: போரில் தண்ணீர் இறங்கி மோட்டார் வெறுமனே ஓடினாலும் மணி ஏறும். மணி மட்டும் பார்த்தால் தண்ணீர் வந்ததாகத்தான் தெரியும். ஆம்பியரும் ஈபி ரீடிங்கும் கூடவே கேட்பது இதற்காக.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு

"மாரியம்மன் கோயில் போர்", "பழைய போர்", "காலனி மோட்டார்" என்று ஒரே போருக்கு மூன்று பெயர் இருக்கும். பதிவேட்டில் போ1, போ2, தொ1, தொ2 என்றுதான் இருக்க வேண்டும். அதையே பேனல் போர்டின் கதவிலும் தொட்டியின் காலிலும் பெயின்ட்டில் எழுதிவிட வேண்டும். தொட்டிச் சுவரில் சுத்தம் செய்த தேதி எழுதும் இடத்துக்குப் பக்கத்திலேயே எழுதலாம். ஆபரேட்டரின் கண் அங்கே தினமும் போகும். போர் வற்றி வேறு போர் போட்டால் புதியது போ3 ஆகும். போ1 என்ற எண் செத்த போருக்கே சொந்தம், மறுபடி யாருக்கும் கொடுக்கக் கூடாது. மோட்டார் மாற்றினால் குறியீடு மாறாது. மோட்டாரின் விவரம் வேறு தாளில் போகும்.

பணிப்புத்தகத்தின் தாள்கள்

கால்க் கோப்பு ஒன்று, அதில் எட்டுத் தாள். 'சொத்து' தாளில் குறியீடு, இடம், ஆழம், கேசிங், மோட்டார் குதிரைத்திறன், இறக்கிய ஆழம், இறக்கிய தேதி. 'தினசரி' தாளில் அந்த ஏழு எண். 'நிரப்புச் சோதனை', 'மீட்டர் மாற்றம்', 'பழுது', 'நீர்த்தரம்', 'இணைப்பு', 'ரசீது' மீதி ஆறு. கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீரும் வந்தால் அந்த மொத்த மீட்டரையும் ஒரு மூலமாகக் குறியீடு கொடுத்துத் தினசரித் தாளிலேயே சேர்த்துவிடலாம்; குடிநீர் வடிகால் வாரியத்தின் பில்லில் வரும் கிலோலிட்டரை ஒப்பிட அது போதும்.

எந்தத் தாளிலும் செல்களை இணைக்கக் கூடாது, நடுவில் 'மொத்தம்' வரி போடக் கூடாது, மாதத்துக்கு ஒரு தாள் திறக்கக் கூடாது. அலுவலகப் பதிவேட்டுப் பழக்கத்தில் இந்த மூன்றும் தானாக வந்துவிடும். பக்கத்துக்குப் பக்கம் மொத்தம் போடுவது காகிதத்துக்குச் சரி. கால்க்கில் அதே மொத்தம் இன்னொரு முறை கூட்டப்பட்டு இரட்டிப்பாகும்.

மின் இணைப்பு எண்ணுக்கான பத்தியை, ஒரு எண்ணைக்கூட ஏற்றுவதற்கு முன்பே, எழுத்து வடிவத்துக்கு மாற்றுங்கள். தமிழ்நாட்டு இணைப்பு எண்கள் பல 0வில் தொடங்குபவை. எண் வடிவத்தில் இருந்தால் முன்னால் உள்ள 0 விழுந்துவிடும், நீளமான எண் ஆங்கில 'E' எழுத்தோடு சுருங்கியும் போகும். ஏற்றிய பிறகு வடிவத்தை மாற்றினால் விழுந்த 0 திரும்பாது.

பழைய பெயர்ப் பட்டியல்

இணைப்புதாரர் பட்டியல் பெரும்பாலும் ஏதோ ஒரு கணினியில் ஏற்கெனவே இருக்கும், வானவில் அல்லது பாமினி எழுத்துருவில். யூனிகோடுக்கு மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவி போதும். ஆனால் மாற்றியபின் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதை நம்பக் கூடாது. 'கொ' என்ற எழுத்தில் க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒரே குறியாகவும் இருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். தேடினால் ஒன்று மற்றொன்றோடு பொருந்தாது. 'ஸ்ரீ'க்கும் இதேபோல் இரண்டு குறியீட்டு வரிசை உண்டு. 'ஔ' என்ற இடத்தில் 'ஒ'வும் 'ள'வும் தட்டியிருப்பார்கள். கால் போடும் இடத்தில் 'ர' தட்டியிருப்பதும் உண்டு. கோவிந்தனும் சௌந்தரமும் ஸ்ரீதரும் நிலுவைப் பட்டியலில் காணாமல் போவது இதனால்தான். 'தேடி மாற்று' வசதியில் இரு குறி வடிவத்தைக் கொடுத்து ஒரு குறியாக மாற்றிவிடலாம். ஒகரத்துக்கு ஒருமுறை, ஓகாரத்துக்கு ஒருமுறை, ஔகாரத்துக்கு ஒருமுறை.

அதைச் செய்து முடித்தாலும் பெயரை வைத்து எதையும் இணைக்காதீர்கள். ஒரு தெருவில் நான்கு முருகன் இருப்பார்கள், இன்ஷியல் முன்னாலும் பின்னாலும் மாறும், வீட்டு வரி அப்பா பெயரிலும் குழாய் இணைப்பு மகன் பெயரிலும் இருக்கும். இணைப்பு எண் ஒன்றுதான் சாவி. பெயர் மனிதர்கள் படிப்பதற்கு.

போன் படிவம்

ஓடிகே, கோபோ இரண்டுக்கும் படிவத்தை ஒரு விரிதாளாகவே எழுதலாம். சர்வே, சாய்சஸ், செட்டிங்ஸ் என மூன்று தாள். கேள்வியின் தலைப்பைத் தமிழில் வையுங்கள். 'நேம்' பத்தியில் மட்டும் ஆங்கிலச் சிறிய எழுத்தும் அடிக்கோடும். அங்கே இடைவெளி விட்டாலே படிவம் ஏறாது.

படிவத்தில் எல்லையைக் கட்டிவைக்க வேண்டிய இடங்கள்: வோல்ட் 250க்கும் 500க்கும் இடையே, ஆம்பியர் 0 முதல் 30 வரை, தொட்டி நீர்மட்டம் 0 முதல் தொட்டியின் உயரம் வரை சென்டிமீட்டரில். பிழைச் செய்தியையும் மனிதர் பேசும் தமிழில் எழுதுங்கள்: "தொட்டி உயரமே 240 செ.மீ.தான், சரிபாருங்கள்". குளோரினைத் தட்டச்சிட விடாமல் தேர்வாகக் கொடுப்பது நல்லது: 0, 0.2, 0.5, 1.0, 1.0க்கு மேல், சோதிக்கவில்லை. அந்தக் கடைசித் தேர்வு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் சோதிக்காத நாளில் 0 போட்டுவிடுவார்கள். குளோரினே இல்லாத நாளும் சோதிக்காத நாளும் பதிவேட்டில் ஒன்றாகிவிட்டால் அந்தப் பத்தியையே தூக்கி எறிய வேண்டியதுதான்.

ஈபி ரீடிங் முந்தையதைவிடக் குறையக் கூடாது என்ற சோதனையைப் போனிலேயே வைக்க ஆசை வரும். ஓடிகேயில் கடைசியாகச் சேமித்த பதிவின் மதிப்பை எடுத்துவரும் வசதி உண்டு. ஆனால் அது அந்தப் போனில் அந்தப் படிவத்தில் கடைசியாகச் சேமித்த பதிவு. போ1ஐ முடித்துவிட்டு போ2ஐத் திறந்தால் போ1இன் ரீடிங்தான் முன்னால் வந்து நிற்கும். போருக்கு ஒரு படிவம் என்று பிரித்தால் சரியாகும். இரண்டு போர் என்றால் அது பரவாயில்லை. ஐந்தாறு போருள்ள ஊராட்சியில் இந்தச் சோதனையைக் கால்க்குக்கு விட்டுவிடுவதே மேல்.

மீட்டரின் படம் ஒன்று கேளுங்கள், அதிகபட்சப் பிக்செல் 1024 என்று படிவத்திலேயே குறைத்துவிட்டு. குறைக்காவிட்டால் ஒவ்வொரு படமும் சில எம்பி இருக்கும். சிக்னல் மோசமான ஊரில் பதிவு மேலே போகாமல் போனிலேயே தேங்கும். போன் தொலைந்தால் ஒரு மாதக் கணக்கு அதோடு போகும்.

சர்வரிலிருந்து பதிவுகளைச் சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு) இறக்கும்போது இரண்டு இடத்தில் கால் இடறும். தேதி, நேரம், பின்னால் +05:30 என்று ஒரே சரமாக வருவதைக் கால்க் தேதியாக ஏற்காது. இடமிருந்து 10 எழுத்தை மட்டும் வெட்டித் தேதியாக்க வேண்டும். கோபோவில் 'சமர்ப்பித்த நேரம்' என்ற பத்தி உலகப் பொது நேரத்தில் இருக்கும். காலை 5 மணிக்கு அனுப்பியது முந்தின நாள் இரவு 11:30 என்று காட்டும். அதை நாளாக எடுத்தால் விடியற்காலை மோட்டார் போடுகிற ஊரில் எல்லாப் பதிவும் ஒரு நாள் பின்னால் தள்ளிப்போகும். படிவம் திறந்த நேரத்தின் பத்தியை எடுங்கள். அது போனின் நேரம்.

போன் வேண்டாம் என்கிற ஆபரேட்டரிடம் வற்புறுத்தத் தேவையில்லை. அதே ஏழு கட்டமுள்ள அச்சடித்த தாளை மோட்டார் அறையில் தொங்கவிட்டு, வாரம் ஒருமுறை அலுவலகத்தில் தட்டச்சிட்டால் போதும். போன் இருந்தாலும் அந்தத் தாள் தொங்கட்டும்.

லிட்டர் எங்கிருந்து வருகிறது

ஏற்றுக் குழாயில் தண்ணீர் மீட்டர் இருந்தால் நல்லது. பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் மணல் அடைத்து நின்றிருக்கும். அதனால் நிரப்புச் சோதனை. தொட்டியின் உள்விட்டம் 4 மீட்டர் என்றால் தரைப்பரப்பு 12.57 சதுர மீட்டர். நீர்மட்டம் 1 செ.மீ. ஏறினால் சுமார் 126 லிட்டர். வெளியேறும் வால்வை முழுக்க மூடி, தொட்டி கால்வாசி இருக்கும்போது மட்டத்தை அளந்து, மோட்டாரை 30 நிமிடம் ஓட்டி மறுபடி அளக்க வேண்டும். 24 செ.மீ. ஏறியிருந்தால் 3,016 லிட்டர். மணிக்கு 6,030 லிட்டர். மட்டத்தைத் தொட்டிக்கு வெளியே உள்ள மிதவைப் பலகையில் பார்க்காதீர்கள். கயிறு சிக்கிய மிதவை ஊருக்கு ஊர் உண்டு. மேல் மூடியைத் திறந்து அளவுக்கோலை இறக்குங்கள். வால்வு உண்மையில் மூடியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்: மோட்டாரை நிறுத்தி 15 நிமிடம் விட்டால் மட்டம் அசையக் கூடாது. அசைந்தால் வால்வு கசிகிறது. சோதனை செல்லாது, ஆனால் பழுதுத் தாளுக்கு ஒரு வரி கிடைத்தது.

இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒருமுறை செய்தால் பயனில்லை. சித்திரை, வைகாசியில் நீர்மட்டம் இறங்கியிருக்கும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏறியிருக்கும். அதே மோட்டார் வேறு வேறு அளவு தள்ளும். மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், மோட்டாரைத் தூக்கி இறக்கியபோதெல்லாமும் செய்ய வேண்டும். தினசரித் தாளில் அன்றைய லிட்டர் என்பது ஓடிய மணி பெருக்கல் அந்தத் தேதிக்கு முந்தைய கடைசிச் சோதனையின் வேகம். இது மதிப்பீடு. பக்கத்தில் 'மீட்டர்' அல்லது 'மதிப்பீடு' என்று ஒரு பத்தி இருக்கட்டும். மேலே அறிக்கை அனுப்பும்போது இந்த வித்தியாசம் முதலில் காணாமல் போவது.

ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு ஒருவருக்கு நாளைக்கு 55 லிட்டர். 1,850 பேருக்கு 1,01,750 லிட்டர். போ1 பத்து மணி நேரத்தில் 60,300, போ2 மணிக்கு 4,200 வீதம் பத்து மணி நேரத்தில் 42,000; மொத்தம் 1,02,300. தொட்டியில் ஏற்றியதை மக்கள் தொகையால் வகுத்து 55.3 வந்ததும் சரியென்று விட்டுவிடக் கூடாது. அது தொட்டிக்கு வந்த தண்ணீர். வழியில் கசிந்தது போக வீட்டுக்குப் போய்ச் சேர்வது 55க்குக் கீழேதான் இருக்கும்.

யூனிட்டும் மணியும்: பதிவேட்டின் நல்ல பகுதி

இரண்டு ரீடிங்குக்கு இடையே ஏறிய ஈபி யூனிட்டை அதே இடைவெளியில் ஓடிய மணியால் வகுத்தால் மணிக்கு எத்தனை யூனிட் என்று வரும். இந்த விகிதத்துக்கு ஒரு பெரிய சௌகரியம்: ஒரு நாள் காலை 6 மணிக்கும் மறுநாள் 10 மணிக்கும் ரீடிங் எடுத்தாலும், நடுவில் மூன்று நாள் விட்டுப்போனாலும் கெடாது. இரண்டு மீட்டரையும் ஒரே நேரத்தில் பார்த்தால் போதும். அன்றாட லிட்டர், அன்றாட யூனிட் எல்லாம் குதிக்கும், இது குதிக்காது. குதித்தால் மோட்டாரில் ஏதோ நடக்கிறது என்று பொருள். ஆனால் மோட்டார் அறை விளக்கும் தெருவிளக்கும் அதே மீட்டரில் இருந்தால் விகிதம் கொஞ்சம் வீங்கும். அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மின்னோட்டத்தைக் குறைத்து மீட்டருக்குக் கொடுக்கும் சிடி வைத்த மீட்டரானால் பெருக்குக் காரணியைச் 'சொத்து' தாளில் குறித்துப் பெருக்கவும் வேண்டும்.

5 குதிரைத்திறன் மூன்று பேஸ் சப்மெர்சிபிள் 415 வோல்ட்டில் ஏறக்குறைய 7.5 முதல் 8 ஆம்பியர் இழுக்கும், மணிக்கு 4.8 யூனிட் என்று வைப்போம். 6,030 லிட்டருக்கு 4.8 யூனிட் என்றால் கிலோலிட்டருக்கு 0.80. இது நல்லதா என்று பார்க்க ஒரு வழி: ஒரு கிலோலிட்டரை ஒரு மீட்டர் தூக்க 2.725 வாட் மணி போதும். ஓடும்போது போரில் நீர்மட்டம் 90 மீட்டரில், தொட்டி உயரமும் குழாய் உராய்வும் சேர்த்து 15 மீட்டர் என்றால் மொத்தம் 105 மீட்டர், 0.286 யூனிட். 0.286ஐ 0.80ஆல் வகுத்தால் 36 சதவீதம். சில ஆண்டு ஓடிய மோட்டாருக்கு இதை ஒப்புக்கொள்ளலாம். 25க்குக் கீழே இறங்கினால் தூக்கிப் பார்க்கும் செலவு ஈபி பில்லிலேயே கிடைத்துவிடும்.

எண்கள் எப்படி மாறினால் எது பழுது என்பதற்கு நடைமுறையில் உதவும் வழி இது. மணிக்கு யூனிட்டும் குறைந்து நிரப்பு வேகமும் குறைந்தால் முதலில் போர் நீர்மட்டத்தைப் பாருங்கள், தண்ணீர் இறங்கியிருக்கும். ஆம்பியர் வழக்கத்தில் பாதிக்கு இறங்கினால் பம்பு வெறுமனே ஓடுகிறது, உடனே நிறுத்த வேண்டும். யூனிட் அப்படியே அல்லது சற்றே கூடி, தொட்டிக்கு வரும் வேகம் மட்டும் விழுந்தால் குழாய்தான்: போருக்குள் இறக்கிய குழாயின் சாக்கெட் விட்டிருக்கும், அல்லது தொட்டிக்குப் போகும் வழியில் உடைப்பு. எதிர்ப்பு குறைந்ததால் பம்பு அதிகம் தள்ளுகிறது, ஆனால் தள்ளியது தொட்டிக்கு வரவில்லை. வோல்ட் சரியாக இருந்து ஆம்பியர் மெதுவாக வாரத்துக்கு வாரம் ஏறினால் மணல், புஷ் தேய்மானம். வோல்ட் 360க்கு வந்து ஆம்பியர் 9க்கு மேல் ஏறினால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், மின்வாரியத்துக்கு மனு எழுதுங்கள். மூன்று மாத வோல்ட் பத்தியை அச்சிட்டு இணைத்தால் அந்த மனுவுக்கு எடை கூடும். பல பேனலில் ஆம்பியர் மீட்டர் ஒரு பேஸில்தான் இருக்கும். மற்ற பேஸ் போனதை அது நேராகக் காட்டாது, எனவே ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் பேஸ் பிரிவென்டருக்கு இந்தப் பதிவேடு மாற்று ஆகாது.

கால்க்கில் முந்தைய ரீடிங்கை எடுக்க மேக்ஸ்இஃப்ஸ் கொண்டு அதே போரின், இந்தத் தேதிக்கு முந்தைய பெரிய தேதியைக் கண்டுபிடித்து, சம்இஃப்ஸ் கொண்டு அந்தத் தேதியின் ரீடிங்கை எடுக்கலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது: ஒரே போருக்கு ஒரே நாளில் இரண்டு பதிவு வந்துவிட்டால் சம்இஃப்ஸ் இரண்டையும் கூட்டி ரீடிங்கை இரட்டிப்பாக்கும். கவுன்ட்இஃப்ஸ் வைத்து போர், தேதி ஜோடி ஒன்றுக்கு மேல் வந்தால் வரி சிவப்பாகும்படி வடிவமைப்பு விதி போடுங்கள். சிவப்பு வரி இருக்கும்வரை அந்த மாத அறிக்கையை அச்சிடக் கூடாது என்பதை ஒழுங்காக வைத்துக்கொள்ளலாம்.

ஈபி மீட்டர் மாற்றினால் புதியது 0வில் தொடங்கும், யூனிட் கழித்தல் குறியோடு வரும். அந்தச் செல்லில் கையால் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு மூடுவதுதான் நடக்கும். அதற்குத்தான் 'மீட்டர் மாற்றம்' தாள்: தேதி, பழைய மீட்டரின் கடைசி ரீடிங், புதியதின் முதல் ரீடிங். அன்றைய யூனிட் = (பழைய கடைசி − முந்தைய ரீடிங்) + (இன்றைய ரீடிங் − புதிய முதல்). மின்வாரிய ஊழியர் மீட்டரைக் கழற்றும் நேரத்தில் பழைய ரீடிங்கைப் படம் எடுக்காவிட்டால் பிறகு எங்கும் கிடைக்காது. ஹவர் மீட்டருக்கும் இதே விதி.

பிளீச்சிங் பவுடர்

புதிய பவுடரில் 33 சதவீதம் வரை குளோரின் இருக்கும். மூட்டை திறந்து வெயிலில் கிடந்தால் வேகமாக இறங்கும். கணக்கை 25 சதவீதத்தில் வைப்பது பாதுகாப்பு. லிட்டருக்கு 2 மில்லிகிராம் போடுவதென்றால் 30,000 லிட்டருக்கு 60 கிராம் குளோரின், அதாவது 240 கிராம் பவுடர். 20 சதவீதமாகிவிட்ட பவுடரானால் 300 கிராம். இது ஒரு தொட்டி நிரப்புக்கு. மேலே சொன்ன போ1 நாளைக்கு 60,300 லிட்டர் ஏற்றுகிறது, அதாவது தொட்டி இருமுறை நிறைகிறது. நாளைக்கு 480 கிராம் வேண்டும். 'ஒரு நாளைக்கு 240' என்று சுவரில் எழுதி வைத்திருந்தால் பாதித் தண்ணீர் குளோரின் இல்லாமல் போகும். பதிவேட்டில் கிராம் பத்தியை அன்றைய லிட்டரால் வகுத்துப் பார்த்தால் இது முதல் வாரத்திலேயே வெளிப்படும்.

பவுடரை வாளியில் கரைத்துத் தெளிந்த நீரைத்தான் ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் திறக்க வேண்டும். ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி மீதமுள்ள கட்டற்ற குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மி.கி. சோதனையைத் தொட்டியடியில் செய்யாதீர்கள், கடைசித் தெருவில் செய்யுங்கள். ஆர்த்தோ டாலிடின் கிட் என்றால் நிறத்தை உடனே படிக்க வேண்டும், ஐந்து நிமிடம் விட்டால் கட்டுண்ட குளோரினும் சேர்ந்து மஞ்சள் கூடிவிடும். டிபிடி கிட் கிடைத்தால் அதுவே நல்லது.

ஆய்வக அறிக்கைகள் 'நீர்த்தரம்' தாளுக்கு. ஒரு வரிக்கு ஓர் அளவுரு என்று நீளமாக ஏற்றுங்கள்: மூலம், மாதிரி எடுத்த தேதி, அளவுரு, மதிப்பு, அலகு. லிட்டருக்கு மில்லிகிராமில் ஃபுளோரைடு ஏற்கத்தக்கது 1.0, மாற்று மூலம் இல்லாவிட்டால் 1.5 வரை, நைட்ரேட் 45, அதில் தளர்வு கிடையாது, கரைந்த உப்பு 500, மாற்று இல்லாவிட்டால் 2000. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு கூடுதல் என்பதற்காகத்தான் ஒகேனக்கல் திட்டமே வந்தது. அங்கே இந்தத் தாளில் பழைய போர்களின் முடிவுகளைத் தேடி ஏற்றிவைப்பது வீணாகாது. "கண்டறியப்படவில்லை" என்று வரும் இடத்தில் 0 போடாமல் அப்படியே எழுத்தில் எழுதுங்கள்.

இணைப்பும் ரசீதும்

கேட்பு (கட்ட வேண்டிய தொகை), வசூல், நிலுவைப் பதிவேட்டின் அமைப்பையே வைத்துக்கொள்ளலாம், தணிக்கைக்கு அது பழக்கம். நிலுவையைத் தட்டச்சிடக் கூடாது. தொடக்க நிலுவை ஒரு முறை ஏற்றப்படும்; பிறகு எல்லாம் கணக்கில் வர வேண்டும். மாதம் 50 ரூபாய் என்று வைத்தால் 450 இணைப்புக்கு ஆண்டுக் கேட்பு 2,70,000. இடையில் இணைப்பு எடுத்தவருக்கு எந்த மாதத்திலிருந்து கேட்பு என்பதற்கு இணைப்புத் தேதி வேண்டும். அதைக் கேட்காமல் விட்டுவிட்டுப் பின்னால் தேடுவது பெரிய தலைவலி. இணையதளம் வழியாகக் கட்டியவர்களையும் ரசீதுத் தாளிலேயே சேர்க்க வேண்டும், 'வழி' என்ற பத்தியில் 'இணையம்' என்று. இல்லாவிட்டால் கட்டியவர் வீட்டுக்கு நிலுவை நோட்டீஸ் போகும். அதன்பின் பதிவேட்டை ஊரில் யாரும் நம்பமாட்டார்கள்.

வரைபடம்

கியூஜிஐஎஸ் வரைபடத்தைப் போனில் திறக்கும் கியூஃபீல்டு செயலியில் வால்வுகளைக் குறிக்கலாம். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளியே காட்டும். தார் போட்டு மூடிய வால்வைத் தோண்ட அது போதாது. மின்கம்பம், வீட்டு மூலை போன்ற இரண்டு நிலையான இடத்திலிருந்து டேப்பில் அளந்த தூரத்தையும் வால்வின் விவரத்தில் எழுதுங்கள். எத்தனை சுற்றில் முழுக்கத் திறக்கும் என்பதையும். வரைபடத்துக்கு இதற்கு மேல் செலவழிக்கும் நேரம் பழுதுத் தாளுக்குப் போகலாம்.

கோப்பைக் காப்பது

வாட்ஸ்அப்பில் அனுப்பித் திருத்தித் திரும்ப வாங்கும் வழக்கம் வந்த அன்றே 'இறுதி', 'புதிய இறுதி', 'கடைசி இறுதி 2' என்று மூன்று உண்மைகள் பிறந்துவிடும். கோப்பு ஊராட்சிக் கணினியில் ஒன்றுதான். மாதக் கடைசியில் தேதியிட்ட நகல் ஒன்று பென் டிரைவிலும், ஒன்று ஊராட்சியின் அலுவல் மின்னஞ்சலிலும். கூடவே ஒவ்வொரு தாளும் சிஎஸ்வியாக, சேமிக்கும்போது எழுத்துமுறை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்து. கோபோ கணக்கும் அதே அலுவல் மின்னஞ்சலில் திறக்கப்பட வேண்டும். ஊராட்சி செயலரின் சொந்த மெயிலில் திறந்தால் அவர் மாறுதலாகும்போது கணக்கும் மாறுதலாகிவிடும். எம்வாட்டர் போன்ற இலவச இணையச் சேவையைப் பயன்படுத்துபவர்களும் மாதாமாதம் ஏற்றுமதிக் கோப்பை எடுத்துவைக்க வேண்டும்.

மாத முடிவில் மொத்தப் பதிவையும் நினைவிலிருந்து எழுதியிருந்தால் அதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது: ஆம்பியர் எல்லாம் 8, மட்டம் எல்லாம் 0விலும் 5இலும் முடியும், படிவம் திறந்த நேரங்கள் ஒரே மாலையில் இரண்டு நிமிட இடைவெளியில் இருக்கும். அதை வைத்து ஆளைத் திட்டினால் அடுத்த மாதம் எண்கள் இன்னும் அழகாக வரும், உண்மையாக வராது. ஏழில் எது எடுக்கக் கஷ்டமோ அதைக் கேளுங்கள். பெரும்பாலும் தொட்டி மேல் ஏறுவதுதான். ஏணி ஆடினால் ஏணியைச் சரிசெய்யுங்கள், அதுவரை மட்டம் வாரம் ஒருமுறை போதும்.

அச்சு

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. அதற்கு ஒரு பக்கம்: போர்வாரியாக ஓடிய மணி, ஏற்றிய லிட்டர், தலைக்கு லிட்டர், கிலோலிட்டருக்கு யூனிட், குளோரின் 0.2க்குக் கீழ் இருந்த நாட்கள், சோதிக்காத நாட்கள், பழுது எத்தனை, சராசரி எத்தனை நாளில் சரியானது, ஈபி பில் தொகை, குடிநீர்க் கட்டண வசூல். யூனிட் விலையாகப் பில்லின் மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்ததைப் போடுங்கள், நிலைக்கட்டணமும் அதில் அடங்கும். பெயரோடு நிலுவைப் பட்டியலை அந்தப் பக்கத்தில் ஒட்ட வேண்டாம். தெருவாரித் தொகை போதும்.

ஆண்டு மாற்றம்

இரண்டு போருக்கு ஆண்டுக்கு 730 வரிதான். ஆனாலும் மேக்ஸ்இஃப்ஸ் நிறைந்த தாள் நான்கைந்து ஆண்டில் பழைய கணினியைத் திணறடிக்கும். ஏப்ரல் 1 அன்று புதிய கோப்பு: சொத்து, இணைப்பு, நிரப்புச் சோதனை, மீட்டர் மாற்றம், நீர்த்தரம் தாள்கள் முழுதாக வரும், பழுதில் முடியாதவை மட்டும், தினசரியில் ஒவ்வொரு போருக்கும் மார்ச் 31இன் கடைசி வரி முதல் வரியாக. அதை விட்டால் ஏப்ரல் முதல் நாளின் யூனிட் மீட்டரின் மொத்த ரீடிங்காகக் காட்டும். தொடக்க நிலுவையை மதிப்பாக மட்டும் ஒட்ட வேண்டும், சூத்திரமாக ஒட்டினால் பழைய கோப்பைத் தேடிக்கொண்டே இருக்கும். பழைய கோப்பைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடலாம். பத்துக்கு மேல் போர், இரண்டாயிரத்துக்கு மேல் இணைப்பு, இரண்டு பேர் ஒரே நேரத்தில் தட்டச்சிடும் அலுவலகம் என்றால் கால்க்கை விட்டு எஸ்க்யூலைட் அல்லது போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தள மென்பொருள் பக்கம் போகும் வேளை வந்துவிட்டது. தாள்கள் மேலே சொன்ன வடிவில் சுத்தமாக இருந்தால் ஒவ்வொரு சிஎஸ்வியும் அப்படியே ஓர் அட்டவணையாக ஏறும்.